கோப்பை வாங்குற படம் மட்டும் போதுமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடிச்சு, பிள்ளைகளைத் தூங்க வச்சிட்டு, பொறுமையா படிங்க. இதில் பூஜை நேரமோ நன்கொடை விவரமோ இல்லை. ஆனா ஆலயத்துக்குச் சம்பந்தம் இல்லாத விஷயமும் இல்லை.

எங்களை உங்களில் பலருக்குத் தெரியும். ஜார்ஜ்டவுனில் கோயில் தொண்டு செய்யும் சின்னக் குழு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நிற்போம், நவராத்திரிக்குத் தோரணம் கட்டுவோம், அன்னதானத்தில் பரிமாறுவோம். படம் எடுக்கிற வேலையும் எங்களுக்குத்தான். ஆறு பேர், இரண்டு கேமரா, மற்றதெல்லாம் கைப்பேசி. வருஷத்துக்கு நாலஞ்சு தடவை மோட்டாரைப் ஃபெர்ரியில் ஏற்றி அக்கரைக்கும் போவோம். செபராங் பிறையில் பழைய தோட்டத்துக் கோயில்களில் திருவிழா வந்தா ஆள் பத்தாது. கூப்பிட்டா போயிடுவோம்.

அப்படிப் போற ஒரு கோயிலில் தேர் முடிஞ்ச மறுநாள் விளையாட்டுப் போட்டி நடக்கும். காலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், எலுமிச்சைக் கரண்டி ஓட்டம். அம்மாக்களுக்கு உறியடி, கயிறு இழுத்தல். சாயங்காலம் காற்பந்து. தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்கள் எல்லாம் அன்னிக்கு ஒரு நாள் திரும்பி வரும்.

அங்கே ஒரு அண்ணன் இருந்தார். வயசு அறுபதைத் தாண்டியவர். போட்டிக்கு முதல் நாள் சாயங்காலமே திடலுக்கு வந்து புல் வெட்டுவார். பால் டின்னில் ஓட்டை போட்டு, சுண்ணாம்பை நிரப்பி, கயிறு கட்டி நேராகக் கோடு போடுவார். மீன்பிடிக்கிறவங்ககிட்ட பழைய வலை வாங்கி வந்து கோல் கம்பத்தில் கட்டுவார். விசிலும் அவரே. இளவட்டங்கள் சண்டைக்குப் போனா நடுவில் நின்னு ரெண்டு பக்கமும் திட்டுவார். ஆட்டம் முடிஞ்சதும் எல்லாருக்கும் சிராப் தண்ணி ஊத்திக் கொடுத்துட்டு, கடைசியாக வீட்டுக்குப் போறவரும் அவர்தான்.

சில மாதங்களுக்கு முன் அவர் தவறிட்டார். காரியத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் மகள் எங்களுக்குப் போன் பண்ணினாங்க. "அண்ணே, அப்பா திடல்ல நிக்கிற மாதிரி ஒரு படம் உங்ககிட்ட இருக்குமா? அவருக்கு அதுதான் பிடிக்கும்."

இருக்காதா பின்னே? மூணு வருஷமா அந்தப் போட்டியை நாங்கதானே படம் எடுத்தோம். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடினோம். ஆயிரத்து இருநூறு படத்துக்கு மேல் இருந்தது. பிரமுகர் வருகை, மாலை மரியாதை, பொன்னாடை, பெரிய அட்டையில் காசோலை, கோப்பை கொடுக்கிறது, அதே கோப்பையை இன்னொரு தடவை கொடுக்கிறது. ஆனா அண்ணன் இல்லை. கடைசியில் ஒரே ஒரு படத்தில், கோப்பை கொடுக்கிறவருக்குப் பின்னால், ஒரு முழங்கையும் சுண்ணாம்பு வாளியும் தெரிஞ்சது. அது அவர் கைதான்.

"இல்லம்மா, கிடைக்கல"ன்னு சொன்னோம். "பரவாயில்லைண்ணே"ன்னாங்க. காரியத்துக்கு அவருடைய ஐசி படத்தைத்தான் பெருசாக்கி வச்சிருந்தாங்க. அந்தப் படத்தில் அவர் யாரோ மாதிரி இருந்தார்.

இந்தப் பதிவை எழுதக் காரணம் அதுதான். தப்பு எங்கள் மேல். அதை ஒத்துக்கிட்டுதான் மேலே பேசுறோம்.

*

நம்ம ஊர்ல கோயில் விழாவைப் படம் எடுக்கிற முறை ஒரே அச்சில் வார்த்தது மாதிரி ஆயிடுச்சு. அம்மனுக்கு அலங்காரம், தீபாராதனை, பிரமுகர், குழுப்படம். விளையாட்டுப் போட்டி வச்சா, வரிசையா நின்னு கோப்பை வாங்குற படம். யார் ஓடினாங்க, யார் விழுந்தாங்க, யார் கைதட்டினாங்கன்னு எந்தப் படத்திலும் தெரியாது. பத்து வருஷம் கழிச்சு அந்தப் படங்களைப் பார்த்தா, அந்த நாளில் நடந்தது விருது விழா மட்டும்தான்னு தோணும்.

ஊர் கூடித் தேர் இழுக்கணும்னு சொல்றோம். ஆனா தேரைத்தான் படம் எடுக்கிறோம், வடம் பிடிச்ச கைகளை எடுக்கிறதில்லை.

தோட்டத்துத் திடல் என்பது என்னன்னு இப்போ இருபது வயசுப் பிள்ளைகளுக்குத் தெரியாம இருக்கலாம். ஒரு தோட்டத்தில் பெரட்டுக் களம் நிர்வாகத்தோடது. பால் கொட்டகை நிர்வாகத்தோடது. குடியிருந்த லயத்து வீடுகூட வேலை இருக்கிற வரைக்கும்தான். நிலம் முழுக்கக் கம்பெனியுடையதா இருந்தாலும், ஜனங்க "இது நம்மது"ன்னு நினைச்சது கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் என்கிற இந்த மூணைத்தான். பல தோட்டங்களில் இந்த மூணும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். கோயில் மணி அடிச்சா திடலுக்குக் கேட்கும். திடலில் கோல் விழுந்தா கோயிலுக்குக் கேட்கும். ஜெர்சியை முனீஸ்வரர் காலடியில் வச்சு எடுத்து, ஒரு தேங்காய் உடைச்சிட்டுத்தான் பக்கத்துத் தோட்டத்தோட மோதப் போவாங்க. இது நம்ம அப்பா, தாத்தா காலத்துப் பழக்கம். இன்னிக்கும் சில இடத்தில் இருக்கு.

அந்தத் தோட்டங்களுக்கு என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். 1950களின் கடைசியிலும் 60களிலும் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு துண்டா விற்றுட்டுப் போனாங்க. அப்புறம் ரப்பர் போய் செம்பனை வந்தது. அப்புறம் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தது. பத்து கவானைப் பாருங்க. கரும்பு, ரப்பர், செம்பனைன்னு தலைமுறை தலைமுறையா நம்ம ஜனங்க உழைச்ச மண். 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டி பினாங்கில் நடந்தப்போ, 40,000 பேர் உட்காரும் விளையாட்டரங்கம் அங்கேதான் எழுந்தது. 2014 மார்ச்சில் இரண்டாவது பாலம் திறந்ததும் அந்தப் பக்கமே மாறிப்போச்சு. நாங்க வளர்ச்சியைக் குறை சொல்லல. எங்க வீட்டுப் பிள்ளைகளும் அங்கேயுள்ள தொழிற்சாலைகளில்தான் வேலை செய்றாங்க.

ஆனா ஒண்ணு யோசிங்க. அந்தப் பெரிய அரங்கத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் இருக்கு. அதுக்கு முன்னால் அந்த வட்டாரத்தில் ரெண்டு கம்பம் நட்டு, வெறுங்காலோட பந்து உதைச்ச திடல்களுக்கு எத்தனை படம் இருக்கு?

தீவிலேயே ஒரு உதாரணம் இருக்கு. கம்போங் புவா பாலா. குளுகோர் பக்கம், மாடும் மரமுமாக இருந்த தமிழர் கிராமம். 2009 செப்டம்பரில் அதை இடிச்சாங்க. அந்தப் பேரைச் சொன்னதும் உங்க மனசில் என்ன படம் வருது? எங்களுக்கு இயந்திரமும் இடிஞ்ச சுவரும் அழுகிற முகமும்தான் வருது. செய்தியில் நாம அதைத்தான் பார்த்தோம். அங்கே சாயங்காலத்தில் பிள்ளைகள் எங்கே விளையாடினாங்க, பொங்கலன்னிக்கு யார் யாரோட போட்டி போட்டாங்கன்னு கேட்டா, அங்கே வாழ்ந்தவங்க மனசிலும் அவங்க வீட்டு ஆல்பத்திலும்தான் பதில் இருக்கும். ஒரு ஊர் அழிஞ்ச விதம் மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சு, அது வாழ்ந்த விதம் தெரியாமப் போறது அந்த ஊருக்கு நாம செய்யும் இரண்டாவது அநியாயம்.

*

நாங்க சொல்றது புதுசு ஒண்ணும் இல்லை. நெதர்லாந்தில் ஹான்ஸ் வான் டெர் மேர்னு ஒரு புகைப்படக்காரர். 1995இல் தொடங்கி பத்து வருஷம், முதலில் தன் நாட்டிலும் பிறகு ஐரோப்பாவின் பல நாடுகளிலும் கிராமத்துக் காற்பந்துத் திடல்களைத் தேடிப் போய்ப் படம் எடுத்தார். பெரிய கிளப் இல்லை, கடைசிப் படிவரிசை ஆட்டங்கள். 2006இல் 'யூரோப்பியன் ஃபீல்ட்ஸ்' என்று புத்தகமாக வந்தது. அவர் படத்தில் ஆட்டக்காரர் சின்னதாத்தான் தெரிவார். பின்னால் மலை, வீடு, சாலை, வேலி, கையைக் கட்டிக்கிட்டு நிற்கிற நாலு பேர் எல்லாம் தெரியும். பார்த்தா, "இது இன்னார் ஊர்"னு சொல்லத் தோணும். விளையாட்டுப் படம்னா பந்துக்குக் கிட்டப் போகணும்னு நினைச்சிருந்தோம். அவர் பின்னால் தள்ளி நின்னார். நம்ம திடலுக்கும் அதுதான் பொருந்தும். ஓரமா நிற்கிற வேப்பமரம், கோபுரம், பாதி உடைஞ்ச லயத்து வீடு, தூரத்தில் புதுசா முளைச்ச அடுக்குமாடி எல்லாம் ஒரே படத்தில் வந்தா, அதுக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

நம்ம நாட்டுக் கதையையும் பாருங்க. 2016இல் வந்த 'ஓலா போலா' படத்தைக் குடும்பத்தோட பார்த்து அழாதவங்க குறைவு. அது 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நம்ம தேசியக் குழுவை மனசில் வச்சு எடுத்தது. நாடு புறக்கணிச்சதால் அந்தக் குழு மாஸ்கோ போகவே இல்லை. அதில் கோல் காத்த ஆர். ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்'னு கூப்பிடுவாங்க. 1988இல் சாலை விபத்தில் போயிட்டார். அவர் படமாவது பத்திரிகையில் இருக்கு. 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மூணு தங்கம் வாங்கின டாக்டர் எம். ஜெகதீசன், அதே போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வாங்கின எம். ராஜாமணி, இவங்க பேரும் படமும் நிலைச்சிருக்கு. நல்லது. ஆனா இப்படி ஒருத்தர் மேலே வர, ஊர் ஊரா எத்தனை பேர் கோடு போட்டிருப்பாங்க, விசில் ஊதியிருப்பாங்க, பழைய பூட்ஸைத் தச்சுக் கொடுத்திருப்பாங்க? அவங்களைப் படம் எடுக்கப் பத்திரிகை வராது. நாமதான் எடுக்கணும்.

*

இதைக் குழுவில் பேசினப்போ ஒரு பெரியவர் கேட்டார். "தம்பி, கோயில் முகநூல் பக்கத்துல அம்மாள் படம் வரணும். பந்து உதைக்கிற படம் எதுக்கு? பக்தி குறைஞ்சு போகாதா?"

நியாயமான கேள்வி. மரியாதையோடவே பதில் சொல்றோம் ஐயா. மூலவர் கருவறையை விட்டு வர்றதில்லை. ஆனா திருவிழாவுக்கு உற்சவ மூர்த்தி வெளியே வர்றாங்க. எதுக்கு? ஊரைப் பார்க்க. கோயிலுக்கு வர முடியாத கிழவியைப் பார்க்க, படியேற முடியாத நோயாளியைப் பார்க்க, வாசலில் நிற்கிற பிள்ளைகளைப் பார்க்க. அம்மா பார்க்க வந்தது ஊரை. நாம அம்மாவை மட்டும் படம் எடுத்துட்டு, அவங்க பார்க்க வந்ததை விட்டுடுறோம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் திருவிழான்னா கபடியும் உறியடியும் வழுக்கு மரமும் உண்டு. பக்தி குறையக் காணோமே.

இன்னொண்ணு. "இளைஞர்கள் கோயிலுக்கு வர்றதில்லை"ன்னு எல்லாக் கூட்டத்திலும் பேசுறோம். வர்றாங்க ஐயா. போட்டி நாளன்னிக்கு வர்றாங்க. அன்னிக்கு அவங்களைப் பார்த்து, பேரைக் கேட்டு, ஒரு நல்ல படம் எடுத்துக் கொடுத்தா, "இந்தக் கோயிலுக்கு நம்மளைத் தெரியும்"னு அவங்களுக்குத் தோணும். அந்த அக்கரைக் கோயிலில் போன வருஷம் வரிசையில் நின்னு பரிமாறின பையன்களில் பாதிப்பேர் திடலில் இருந்து நேரா வந்தவங்க. கால் கழுவிட்டு, ஜெர்சி மேலே துண்டைப் போட்டுக்கிட்டு சாம்பார் வாளியைத் தூக்கினாங்க. அதையும் நாங்க படம் எடுக்கல.

அதுக்காகப் பழசெல்லாம் தங்கம்னு சொல்ல வரல. தோட்டத்து வாழ்க்கையில் கள்ளுக்கடையும் இருந்தது, அடிதடியும் இருந்தது. காற்பந்தில் தொடங்கி வெட்டுக்குத்தில் முடிஞ்ச போட்டியும் உண்டு. பெண் பிள்ளைகள் திடலுக்கு வந்தா முறைச்சுப் பார்த்த காலமும் உண்டு. ராஜாமணி தங்கம் வாங்கி அறுபது வருஷம் ஆகப் போகுது, இன்னும் சில இடத்தில் "பொம்பளைப் பிள்ளைக்குக் கோலப்போட்டி போதும்"னு சொல்றாங்க. ஆக, படம் எடுக்கும்போது அழகை மட்டும் தேடக்கூடாது. தண்ணி தேங்கி நிற்கிற திடலையும் எடுங்க. துருப்பிடிச்ச கம்பத்தையும் எடுங்க. ஓரத்தில் நின்னு ஏக்கமாப் பார்க்கிற பெண் பிள்ளையையும் எடுங்க. அடுத்த வருஷம் அவளை ஆட்டத்தில் சேர்க்க அந்தப் படமே காரணமா இருக்கட்டும்.

*

சரி, எப்படிச் செய்யறது? நாங்க பட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்றோம். பெரிய கேமரா வேண்டாம், கைப்பேசி போதும்.

முதல்ல, ஆட்டம் தொடங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போங்க. கோடு போடுறவர், வலை கட்டுறவர், ஐஸ் உடைக்கிற அக்கா, ஜெர்சி பத்தாம அண்ணன் சட்டையைப் போட்டுக்கிற தம்பி எல்லாரையும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பார்க்கலாம். முடிஞ்ச பிறகும் அரை மணி நேரம் இருங்க. தோத்த குழு உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போங்க. எடுக்கலாமான்னு கேட்டுட்டு எடுங்க.

உச்சி வெயிலில் முகம் கறுத்துப் போகும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வெளிச்சம் நல்லா இருக்கும். பிள்ளைகளை எடுக்கும்போது நீங்களும் தரையில் உட்காருங்க. வேட்டி அழுக்காகும், பரவாயில்லை. ஜூம் பண்ணாம நாலு எட்டு நடந்து போங்க. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு படமாவது தள்ளி நின்னு, திடலும் கோயிலும் சேர்ந்து வர மாதிரி எடுங்க.

பார்க்கிறவங்க பக்கம் திரும்புங்க. கோல் விழுந்த அந்த நொடியில் பந்தை எடுக்காதீங்க, பாட்டிகளை எடுங்க.

படம் எடுத்த அன்னிக்கே பேரை எழுதி வைங்க. ஊர், வருஷம், இடமிருந்து வலமாக யார் யார். பேர் இல்லாத படம் ஐம்பது வருஷம் கழிச்சு யாருக்கும் உதவாது.

பிள்ளைகள் படத்தைப் போடும் முன் பெற்றோரிடம் கேளுங்க. பள்ளிப் பேர், வீட்டு இடம் சேர்த்துப் போடாதீங்க. யாராவது "என் படத்தை எடுத்துடுங்க"ன்னா மறுபேச்சில்லாம எடுத்துடுங்க. சண்டை நடந்தா கேமராவைக் கீழே வச்சிட்டு விலக்கப் போங்க. அந்த வீடியோ எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகவேண்டாம்.

கடைசியா, படத்தைக் கழுவிக் கொடுங்க. 4ஆர் அளவில் ஒரு படம், ஒரு டீ விலைகூட வராது. கைப்பேசியில் இருக்கிற ஆயிரம் படத்தைவிட, சாமி மேடைக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டின ஒரு படத்துக்கு ஆயுசு கூட.

பிரமுகர் படத்தை நிறுத்தச் சொல்லல. உதவி செய்றவங்களுக்கு நன்றி சொல்றது நம்ம பண்பு. அவங்களுக்குப் பத்துப் படம் எடுங்க, போதும். மீதி ஊருக்கு.

*

எங்க பங்குக்கு மூணு காரியம் முடிவு பண்ணியிருக்கோம்.

ஒண்ணு, இனிமே எந்தக் கோயில் போட்டிக்குப் போனாலும், எங்களில் இரண்டு பேர் மேடைப் பக்கமே வரமாட்டாங்க. முழு நேரமும் திடலில்தான்.

ரெண்டு, போட்டி முடிஞ்ச இரண்டு வாரத்தில் படங்களை அச்சடிச்சு, அந்தந்தக் கோயில் அன்னதான மண்டபத்தில் ஒரு பலகையில் ஒட்டுவோம். தங்கள் படத்தை அவங்கவங்க எடுத்துக்கிட்டுப் போகலாம்.

மூணாவது, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வீட்டு அலமாரியில், பீரோ மேலே, தாத்தாவோட பழைய பெட்டியில் தோட்டத்துக் குழுப் படங்கள் இருக்கும். கோடு போட்ட ஜெர்சியில் பதினோரு பேர், முன்னால் பந்தில் சாக்பீஸால் எழுதின வருஷம். அதை வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கொண்டு வாங்க. உங்க கண் முன்னாடியே நகல் எடுத்துட்டு அப்பவே திருப்பிக் கொடுத்துடுவோம். வீட்டில் பெரியவங்க இருந்தா, இன்னிக்கே உட்கார்ந்து பேர் கேட்டு, படத்துக்குப் பின்னால் பென்சிலால் எழுதுங்க. பேனா மை ஊறி முன்பக்கம் வந்துடும். பெரியவங்க ஞாபகம் இருக்கிறப்பவே கேட்டுடுங்க, அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

அந்த அண்ணன் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தோம். ஐசி படம் இன்னும் அப்படியே இருக்கு. மகள் ஒரு காரியம் பண்ணியிருந்தாங்க. நாங்க அனுப்பின அந்த முழங்கைப் படத்தை வெட்டி, கையையும் வாளியையும் மட்டும் பெருசாக்கி, ஐசி படத்துக்குப் பக்கத்தில் வச்சிருந்தாங்க. "கோடு நேரா இருக்கு பாருங்கண்ணே"ன்னாங்க. பார்த்தோம். நேராத்தான் இருந்தது.

அடுத்த திருவிழாவுக்குக் கோடு போட அவர் பேரன் வர்றதாச் சொல்லியிருக்கான். நாங்களும் முதல் நாளே போறோம். இந்தத் தடவை முகத்தோட எடுக்கணும்.

எழுத்தில் பிழை இருந்தா மன்னிக்கணும். பழைய படம் வச்சிருக்கிறவங்களுக்கு இதைப் பகிருங்க. அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.